கணிப்பொறிக்குள் ஒரு களரி

வரலாற்றுத் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்

குமரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அடிமுறையைப் பற்றியும் வர்மத்தைப் பற்றியும் நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அடிக்கவும் அடியைத் தடுக்கவும் கற்றுக்கொடுக்கும் இடம் களரி. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கை நீட்டலாம்; களரிக்கு வெளியே கை நீட்டியவனை மறுநாள் ஆசான் உள்ளே விடமாட்டார். வர்ம நுணுக்கங்களையோ, மாணவனின் குணத்தைப் பல ஆண்டுகள் பார்த்துத் தெளிந்த பின்னரே சொல்லிக்கொடுப்பார் என்று பெரியவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். இத்தகையதொரு களரியைக் கணிப்பொறிக்குள்ளும் அமைக்க முடியும். அதை எவ்வாறு அமைப்பது என்பதையும், அமைத்த பின்னர் நான் செய்த பிழை ஒன்றையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"வரலாறு படிக்கும் உனக்கு இந்த வேலை எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. என் தந்தையார் தோவாளையில் பூ வியாபாரம் செய்பவர். சென்ற ஆண்டு அவருடைய கைப்பேசிக்குத் திருமண அழைப்பிதழ் ஒன்று வந்தது. தெரிந்தவர் ஒருவரின் எண்ணிலிருந்து வந்ததால், ஐயமின்றி விரலால் தொட்டார். அழைப்பிதழ் எதுவும் திறக்கவில்லை. மறுநாள் காலையில் வங்கிக் கணக்கில் இருந்த பதினெட்டாயிரம் ரூபாயைக் காணவில்லை. விடியற்காலைச் சந்தையில் பிச்சிப்பூவும் அரளியும் எடை போட்டுச் சேர்த்த பணம் அது. அன்று இரவு அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நான் கதவத் தொறக்கவே இல்லியே மக்கா, அவன் எப்பிடி உள்ள வந்தான்?"

மூன்றாண்டுகள் கல்லூரியில் படித்த எனக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கமே என்னை இந்தத் துறைக்குள் தள்ளியது எனலாம்.

காளியும் அதன் குடும்பமும்

கணிப்பொறி அறிவியல் துறையில் பயிலும் நண்பர் ஒருவரிடம் கேட்டபோது, "பூட்டைப் பற்றித் தெரிய வேண்டுமானால், பூட்டை உடைப்பவனின் கருவிப்பையைப் பார்க்க வேண்டும்" என்றார். அந்தக் கருவிப்பையின் பெயர் காளி லினக்ஸ். கணிப்பொறிகளிலும் வலையமைப்புகளிலும் உள்ள ஓட்டைகளை, அவற்றின் உரிமையாளர் அனுமதியுடன் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஆக்கப்பட்ட இயக்கமுறைமை இது. 'ஆஃபென்சிவ் செக்யூரிட்டி' என்னும் நிறுவனம் 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இதனை வெளியிட்டது. அதற்கு முன் 'பேக்டிராக்' என்ற பெயரில் இதன் முன்னோடி ஒன்று வழங்கி வந்தது. யார் வேண்டுமானாலும் இதனை விலையின்றிப் பெறலாம்.

காளிக்கு அடித்தளமாக அமைந்திருப்பது 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் என்னும் லினக்ஸ் வகை. நம்மில் பலர் வீடுகளில் அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகள் உள்ளன. 2011இல் தொடங்கிய திட்டம் அது. அவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் இருந்ததைச் சிலர் கவனித்திருக்கலாம். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவான அந்த 'பாஸ்' இயக்கமுறைமைக்கும் டெபியனே தாய். ஆகவே, நாம் அஞ்சி ஒதுங்கும் காளியும் நாம் தொடாமல் விட்ட பாஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது இங்கு எண்ணத்தக்கது.

வீட்டிற்குள் ஒரு வீடு

காளியை நேரடியாக நம் கணிப்பொறியில் நிறுவினால், ஏற்கெனவே உள்ள பாடக்குறிப்புகளும் புகைப்படங்களும் அழிந்துபோகக்கூடும். சோதனையின்போது ஏதேனும் தவறு நேர்ந்தால் முழுக் கணிப்பொறியும் கெடும். இதற்கு மாற்றாக அமைந்ததே மெய்நிகர் பொறி. வழக்கில் 'விர்ச்சுவல் மெஷின்' என்பர். ஒரு கணிப்பொறிக்குள், மென்பொருளாலேயே ஆன இன்னொரு கணிப்பொறியை உண்டாக்குவது இது. அதற்கென்று நினைவகம், வட்டு, வலை இணைப்பு எல்லாம் தனித்தனியே உண்டு. உள்ளே இருப்பது தன்னைத் தனிப் பொறி என்றே எண்ணிக்கொண்டு இயங்கும்.

இது புதிய கருத்தன்று. ஐபிஎம் நிறுவனத்தார் 1960களிலேயே ஒரே பெருங்கணிப்பொறியைப் பலர் தனித்தனிப் பொறிபோல் பயன்படுத்த வழிகண்டனர். 1972இல் அதனை விற்பனைக்கும் கொண்டுவந்தனர். இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் 2005, 2006ஆம் ஆண்டுகளில் தங்கள் செயலிகளிலேயே இதற்கான வசதியைச் சேர்த்த பின்னர், அது நம்மைப் போன்ற மாணவர்களின் மேசைக்கும் வந்து சேர்ந்தது. நான் பயன்படுத்திய 'விர்ச்சுவல்பாக்ஸ்' என்ற மென்பொருள், இப்போது ஆரக்கிள் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது, இதுவும் விலையற்றது.

நான் இதனை விளக்கியபோது என் தாயார், "பொட்டிக்குள்ள இன்னொரு பொட்டியா? பத்தாயத்துக்குள்ள பத்தாயம் வச்ச கதையால்லா இருக்கு!" என்றார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை.

அமைக்கும் முறை

முதலாவது, வீட்டுப் பொறியை அறிதல். செயலியில் மேற்சொன்ன மெய்நிகர் வசதி இயங்கு நிலையில் இருக்கவேண்டும். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, செயலியைப் பற்றிய பக்கத்தில் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற சொல்லுக்கு எதிரே 'எனேபிள்டு' என்றிருக்கிறதா எனப் பார்க்கலாம். இல்லையெனில், பொறி தொடங்கும்போது பயாஸ் அமைப்பிற்குள் சென்று அதனை இயக்கவேண்டும். என்னிடம் இருந்தது அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த மடிக்கணினி. நினைவகம் நான்கு ஜிபி. அதில் இரண்டைக் காளிக்குக் கொடுத்தபோது வீட்டுக்காரர் விருந்தாளி இருவருமே மூச்சுத் திணறினர். நாகர்கோவிலில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் கடை ஒன்றில் நான்கு ஜிபி நினைவகத்தை வாங்கிச் சேர்த்த பிறகே வேலை நடந்தது. வட்டில் இருபது ஜிபிக்குக் குறையாமல் இடம் வேண்டும்.

இரண்டாவது, காளியைப் பெறுதல். விர்ச்சுவல்பாக்ஸுக்கென்றே ஆயத்தமாக வைக்கப்பட்ட கோப்பு காளியின் சொந்த இணையதளத்தில் கிடைக்கிறது. அது மூன்று ஜிபிக்கு மேற்பட்டது. அதனை வேறெந்த இடத்திலிருந்தும் எடுக்கலாகாது.

மூன்றாவது, கைரேகை பார்த்தல். இதனைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகின்றனர். தவிர்க்கக் கூடாதது இதுவே. ஒவ்வொரு கோப்பிற்கும் 'ஷா-256' என்ற கணித முறைப்படி அறுபத்துநான்கு குறிகள் கொண்ட கைரேகை ஒன்று உண்டு. கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். இணையதளத்தில் கொடுத்துள்ள கைரேகையும், நம் கணிப்பொறியில் கணக்கிட்டுப் பெறும் கைரேகையும் ஒன்றாக இருந்தால்தான், வந்தது கலப்படமற்ற சரக்கு. இது வீண் அச்சமன்று. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'லினக்ஸ் மின்ட்' என்ற இயக்கமுறைமையின் இணையதளத்திற்குள் ஒருவர் புகுந்து, பதிவிறக்க இணைப்பை மாற்றி, இரகசியக் கதவு வைத்த போலிப் பிரதியைப் பலரும் எடுக்கும்படி செய்தார். என் தந்தையார் தொட்ட அழைப்பிதழும் இவ்வாறானதொரு போலிச் சரக்குதானே!

நான்காவது, நிறுவுதல். பெற்ற கோப்பைச் 'செவன்-ஜிப்' மென்பொருளால் விரித்து, விர்ச்சுவல்பாக்ஸில் 'ஆட்' என்ற கட்டளையால் சேர்த்தால் போதும், காளி எழுந்துவிடும். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே 'காளி' என்பதுதான். உலகமெல்லாம் அறிந்த கடவுச்சொல் கடவுச்சொல்லே அன்று. ஆகவே, உள்ளே நுழைந்ததும் அதனை மாற்றுவது முதற்கடமை. அதன் பின்னர், மென்பொருள்களைப் புதுப்பிக்கவேண்டும்.

ஐந்தாவது, நிழற்படம் எடுத்தல். 'ஸ்னாப்ஷாட்' என்ற கட்டளை மெய்நிகர் பொறியின் அப்போதைய நிலையை அப்படியே பதிந்து வைக்கும். பின்னர் எதைக் கெடுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். வரலாற்று மாணவனாகிய எனக்கு இது பெரும் வியப்பை அளித்தது. வாழ்க்கையில் இந்த வசதி இல்லை, வரலாற்றிலும் இல்லை.

மூன்று வாசல்கள்

மெய்நிகர் பொறியை வலையமைப்போடு இணைக்கும் வழிகளுள் முக்கியமானவை மூன்று. 'நாட்' என்ற முறை, வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கடைக்குப் போய்வருவதைப் போன்றது. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியார் உள்ளே வர இயலாது. மென்பொருளைப் புதுப்பிக்க இது போதும். 'பிரிட்ஜ்டு' என்ற முறை, மெய்நிகர் பொறிக்குத் தெருப்பக்கமே தனி வாசல் வைப்பது. அக்கம்பக்கத்துப் பொறிகளுக்கு நடுவே அதுவும் ஒன்றாக நிற்கும். 'ஹோஸ்ட்-ஒன்லி' என்ற முறை, வீட்டின் நடுமுற்றத்தைப் போன்றது; முற்றத்தில் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், தெருவோடு தொடர்பில்லை. நம் களரி அமையவேண்டிய இடம் இந்த முற்றமே.

களரியில் மோதிப் பார்க்க எதிராளி ஒருவர் வேண்டுமல்லவா? அதற்கென்றே வேண்டுமென்று ஓட்டைகள் வைத்து ஆக்கப்பட்ட மெய்நிகர் பொறிகள் உள்ளன. 'மெட்டாஸ்பிளாய்ட்டபிள்' என்பது அவற்றுள் ஒன்று. ரேபிட்-செவன் என்ற நிறுவனம் மாணவர்களின் பயிற்சிக்காக வெளியிட்டது. அரை ஜிபி நினைவகம் கொடுத்தாலே ஓடும். ஆனால், எக்காரணம் கொண்டும் அதனை வெளி வலையமைப்பில் இணைக்கக் கூடாது. கதவில்லாத வீட்டைச் சந்தையின் நடுவே கட்டியதாகிவிடும்.

இரு பொறிகளையும் முற்றத்தில் நிறுத்தி, காளியில் உள்ள 'என்மேப்' என்ற கருவியால் எதிராளியைத் தட்டிப் பார்த்தேன். 1997இல் வெளிவந்த கருவி இது. ஒரு பொறியில் எந்தெந்த வாசல்கள் திறந்திருக்கின்றன, ஒவ்வொரு வாசலிலும் காவல் நிற்கும் மென்பொருள் எது, அதன் பதிப்பு யாது என்பவற்றை இது பட்டியலிடும். இருபத்துமூன்று வாசல்கள் திறந்து கிடந்தன. அவற்றுள் 21ஆம் வாசலில் நின்றது 'விஎஸ்எஃப்டிபிடி 2.3.4' என்ற கோப்பு பரிமாறும் மென்பொருள். அந்தப் பதிப்பின் மூலப்பொதியிலேயே யாரோ ஒருவர் இரகசிய வழி ஒன்றைச் செருகியிருந்தது 2011ஆம் ஆண்டு ஜூலையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, பதிப்பு எண்ணை மட்டும் அறிந்தாலே கதவின் பலவீனத்தை அறிந்துவிடலாம். 'மென்பொருளைப் புதுப்பியுங்கள்' என்று கைப்பேசி நம்மை நாள்தோறும் நச்சரிப்பதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

நான் செய்த பிழை

இதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒருநாள் காளியில் ஏதோ ஒரு மென்பொருள் இறங்கவில்லை என்று வலை இணைப்பை 'பிரிட்ஜ்டு' முறைக்கு மாற்றினேன். மாற்றியதை மறந்தேன். அன்றிரவு என்மேப் கருவிக்கு முகவரியைக் கொடுக்கும்போது, முற்றத்தின் முகவரிக்கு மாறாகத் திரையில் தெரிந்த புதிய முகவரி வரிசையைக் கொடுத்துவிட்டேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் உரிமையாளர் அண்ணாச்சி இருக்கிறார். இணைய இணைப்பு இரு வீட்டிற்கும் பொது. திரையில் வந்தவை என் எதிராளியின் வாசல்களல்ல. அண்ணாச்சி வீட்டுத் தொலைக்காட்சி, அச்சுப்பொறி, கைப்பேசிகள், வாசலில் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமரா.

கேமராவின் நுழைவுப் பக்கமும் திறந்தது. அதன் வடிவமைப்பைப் பார்த்தாலே, வாங்கிய நாளிலிருந்து எவரும் எதையும் மாற்றவில்லை என்று தோன்றியது. 'அட்மின்' என்று தட்டினால் போதும் என்று விரல் துடித்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அப்படியே அமர்ந்திருந்தேன். அப்போது நினைவுக்கு வந்தது என் தந்தையாரின் கேள்வி: 'அவன் எப்பிடி உள்ள வந்தான்?' அந்த 'அவன்' என்ற சொல்லுக்கும் எனக்கும் இடையே இருந்தது ஒரு விசைத் தட்டல் மட்டுமே. மடிக்கணினியை மூடினேன்.

மறுநாள் நண்பரிடம் சொன்னேன். "லேய், பிரிட்ஜ்டு போட்டுட்டியா? போய் அண்ணாச்சிட்ட சொல்லுடே" என்றார். சொல்லாமல் விடலாமா என்றும் எண்ணினேன். எனினும் சென்றேன். அண்ணாச்சிக்கு முதலில் கோபம் வந்தது. "எங்க வீட்டுக்குள்ள நீ எதுக்குடே எட்டிப் பாத்த?" என்றார். அக்கேள்விக்கு நியாயமான விடை என்னிடம் இல்லை. தவறாக நடந்தது என்பதையும், எதையும் திறக்கவில்லை என்பதையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் கழித்து, "அப்பம் வேற எவனாவது பாத்தாலும் இப்பிடித்தான் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். பிறகு இருவரும் அமர்ந்து, அவர் கையாலேயே கேமராவின் கடவுச்சொல்லையும் இணையப் பெட்டியின் கடவுச்சொல்லையும் மாற்றினோம். அதன் பின்னரே அவர் முகம் தெளிந்தது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவில், உரிமையாளர் அனுமதியின்றிக் கணிப்பொறியிலோ வலையமைப்பிலோ நுழைவதைத் தவறு என்கிறது. அதனையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 'நான் மாணவன், கற்பதற்காகச் செய்தேன்' என்பது அனுமதி ஆகிவிடாது. கல்லூரி ஆய்வகப் பொறிகளுக்கும் இது பொருந்தும் என்பதை நண்பர்கள் மனங்கொள்ள வேண்டும்.

அண்டை வீட்டுப் பாடம்

தனித்தனி முற்றங்களாகப் பிரித்து வைப்பதன் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று நம் மாவட்ட எல்லையை அடுத்தே நடந்தது. திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் உள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணிப்பொறி ஒன்றில் தீங்குநிரல் புகுந்தது என்ற செய்தி 2019ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பரவியது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்போடு தொடர்பற்றவை, அவற்றைத் தாக்க முடியாது என்று முதலில் மறுப்பு வந்தது. அடுத்த நாளே, அக்டோபர் 30ஆம் நாள், இந்திய அணுமின் கழகம் தீங்குநிரல் புகுந்தது உண்மை என்று அறிவித்தது. நாட்டின் கணிப்பொறி அவசர உதவிக் குழு அதனைக் கண்டு செப்டம்பர் 4ஆம் நாளே தெரிவித்திருந்தது என்றும், நோய்ப்பட்ட பொறி இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையமைப்பைச் சேர்ந்தது என்றும், முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

இதில் நாம் அறியவேண்டியவை இரண்டு. வெளிவாசல் அறைக்கு வந்த நோய் உள்ளறைக்குப் போகாமல் காத்தது அந்தப் பிரிவினைதான். நான் மடிக்கணினியில் 'ஹோஸ்ட்-ஒன்லி' என்று தேர்ந்தெடுத்ததன் பெரிய வடிவம் அது. ஆயினும், பிரித்துவிட்டோம் என்று கண்ணயரவும் கூடாது. ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில், 2010இல் வெளிச்சத்திற்கு வந்த 'ஸ்டக்ஸ்நெட்' என்ற தீங்குநிரல், இணையத் தொடர்பற்ற பொறிகளையும் கையடக்க நினைவகங்களின் வழியே சென்றடையக்கூடியதாக ஆக்கப்பட்டிருந்தது. கதவு எத்தனை இருந்தாலும், உள்ளே கொண்டுபோகிறவன் மனிதன் அல்லவா?

முடிவுரை

தந்தையாரின் கேள்விக்கு இப்போது என்னால் விடை கூற முடிகிறது. அவர் தொட்டது அழைப்பிதழன்று. அழைப்பிதழ் வேடமிட்ட செயலி. நிறுவும்போது அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது. அவர் 'சரி' என்று அழுத்தினார். அதன்பின் வங்கியிலிருந்து வந்த ஒருமுறைக் கடவுச்சொற்கள் அவருக்கு வந்ததுபோலவே திருடனுக்கும் சென்றன. "நீங்கதாம்ப்பா தொறந்து விட்டீங்க, கல்யாண வீட்டு ஆளுன்னு நெனச்சு" என்று சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பம் பக்கத்துக் கடைக்காரனுக்கும் சொல்லிக் குடு" என்றார். அடுத்த ஞாயிறன்று சந்தை கலைந்த பின்னர், ஏழெட்டுப் பேருடைய கைப்பேசிகளில் எந்தச் செயலிக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

நான் வரலாற்று மாணவன் என்பதால் ஒன்று கூறி முடிக்கிறேன். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்டவர் டச்சுத் தளபதி டிலனாய். கோட்டையை எப்படித் தகர்ப்பது என்று அறிந்த அவரே பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்தார். உதயகிரிக் கோட்டையையும் வட்டக்கோட்டையையும் வலுப்படுத்தினார். 'வலிய கப்பித்தான்' எனப் பெயர் பெற்று, 1777இல் மறைந்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். அறிவு ஒன்றுதான், அது யாருடைய அனுமதியோடு, யாரைக் காக்கப் பயன்பட்டது என்பதே வேறுபாடு.

நண்பர்களே, களரியை அமையுங்கள். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் மோதிப் பழகுங்கள். ஆனால், ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் மூன்று வாசல்களில் எது திறந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது அதனை ஒரு சிறு தாளில் எழுதி, திரையின் மேல் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.